கரண்ட் கம்பத்தின் தொலைந்துபோன ஆல்பங்கள்

ஜூன் 12, வியாழன். கரண்ட் கம்பம் இசைக்குழுவில் ஐந்து பேர் என்று நேற்று எழுதியது தவறு. நான்கு பேர்தான். அட்டைப் படத்தில் ஐந்தாவதாக நிற்பவர், படம் எடுக்கும்போது குறுக்கே வந்தவர் என்று தெரிகிறது. இனிமேல் தலைகளை எண்ணினால் மட்டும் போதாது. எந்தத் தலை யாருடையது என்றும் விசாரிக்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதி பேனாவை மூடிய பிறகு, ‘குறுக்கே வந்தவர்’ என்பதற்கு என்ன ஆதாரம் என்ற சந்தேகம் வந்து, முஹ்சினா பேனாவை மறுபடி திறந்தாள். அவள் சுபாவம் அப்படி. பகலில் திண்டிவனத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, “இது தெளிவா இருக்கா, இல்ல அது தெளிவா இருக்கா?” என்று கண்ணாடியை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். கேட்டுக் கேட்டு, எது தெளிவு என்பதில் அவளுக்கே ஒரு பிடிமானம் இல்லாமல் போய்விட்டது. சாயங்காலம் அதே தெருவில், பாத்திரக்கடை மாடியில் நடக்கிற இதழியல் வகுப்பு. அது முடிந்ததும் பஸ் பிடித்துக் கோட்டக்குப்பம்.

வகுப்பை நடத்துகிறவர் சீனுவாசன். நாற்பதை எட்டாத வயது, தோளில் எப்போதும் ஒரு ஜோல்னாப் பை. அவர் இசை விமர்சகரும்கூட. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் வேறு இசை விமர்சகர் யாரும் இல்லாததால், அந்தப் பட்டத்துக்குப் போட்டி வரவில்லை. மாணவர்கள் எழுதுவதை வகுப்பின் இணையதளத்தில் போடுவார். தான் எழுதுவதை அதற்கு மேலே போடுவார்.

சித்திரை மாதத்தில், உள்ளூர்க் கலை எதையாவது பற்றி எழுதி வரும்படி அவர் சொன்னபோதுதான் முஹ்சினா கையில் அந்த ஆல்பம் கிடைத்தது. கார் ஓட்டுகிறவர்கள் வாங்குகிற பென் டிரைவ் ஆல்பம். விழுப்புரம் பஸ் நிலையத்தில், சார்ஜர்களுக்கும் கீ-செயின்களுக்கும் நடுவில் தொங்கியது. உள்ளே பத்து டிராக். கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் இருந்தன. பாட்டுக்குரல் மட்டும் கிடையாது. அட்டையில் பெரிய எழுத்தில் ‘கரண்ட் கம்பம்’ என்று இருந்தது. அதற்குக் கீழே ‘தொகுப்பு’. அதற்கும் கீழே ‘ராஜாமணி’. இவற்றோடு சிலர் நிற்கிற ஒரு படம். வேறு ஒரு விவரமும் இல்லை.

முஹ்சினா எழுதினாள்: ‘இது விழுப்புரத்தைச் சேர்ந்த கரண்ட் கம்பம் என்னும் ராக் குழுவின் தொகுப்பு ஆல்பம்.’

ஒரே ஒரு வாக்கியம். அதில் ஒற்றுப்பிழைகூட இல்லை. சீனுவாசன் அதைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

“தொகுப்புன்னு எழுதியிருக்கியேம்மா. எதுலர்ந்து தொகுத்தாங்க?”

அவளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னாள். சீனுவாசனுக்கு அந்தத் ‘தெரியாது’ பிடித்துப்போயிற்று. தொகுப்பு என்று ஒன்று இருந்தால், தொகுக்கப்பட்டவை என்று சில இருந்தே தீர வேண்டும். அவை எங்கே? கடையில் இல்லை, யூடியூபில் இல்லை, கேட்டவர்கள் யாரும் இல்லை. ஆகவே அவை தொலைந்துவிட்டன. ஒரு வாரத்துக்குள் தொலைந்த ஆல்பங்களின் எண்ணிக்கை மூன்று என்று முடிவாகிவிட்டது. எப்படி மூன்று என்று முஹ்சினா கேட்டதற்கு, “ரெண்டுலர்ந்து யாரும் தொகுக்க மாட்டாங்க” என்றார்.

அதற்குப் பிறகு கட்டுரை மேல் கட்டுரை. முதல் கட்டுரையில் முதல் ஆல்பத்தின் தோற்றம். வானூர்ப் பக்கம் சில காலம் தங்கியிருந்த, பெயர் தெரியாத ஒரு பிரெஞ்சுக்காரர் அதில் லீட் கிட்டார் வாசித்திருக்க வேண்டும். காரணம், ‘இத்தகைய விரல் நடை விழுப்புரம் மண்ணிலிருந்து தானாக முளைத்திருக்க வாய்ப்பில்லை.’ இரண்டாவது கட்டுரையில், புயல் மழையில் திண்டிவனத்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்த டேப்புகள் நனைந்து அழிந்தன. எந்த வீடு என்று கேட்கக் கூடாது. அழிந்த பிறகு வீட்டைப் பற்றி என்ன பேச்சு? மூன்றாவது கட்டுரையில், பாட்டுக்குரல் இல்லாததற்குக் காரணம் மேல்சித்தாமூர் சமண மடத்துத் துறவிகளின் மௌன விரதம்.

மேல்சித்தாமூரிலிருந்து வருகிற ஜெயம் இதைக் கேட்டுவிட்டு முஹ்சினா காதருகில் குனிந்தாள். “எங்க ஊர்ல மௌனமா இருப்பாங்க, நெசம்தான். அதுக்காவ டிரம்ஸா அடிச்சிக்கினு இருப்பாங்க?”

டிராக் பெயர்களையும் சீனுவாசன் விடவில்லை. ஒன்றின் பெயர் ‘புதுசு 4’. அடுத்தது ‘புதுசு 4 ஃபைனல்’. அதற்கும் அடுத்தது ‘புதுசு 4 ஃபைனல் கடைசி’. முடிவு என்பதே முடிவற்றது என்ற ஞானம் இந்தத் தலைப்புகளில் பொதிந்திருப்பதாக அவர் எழுதினார். முஹ்சினாவின் கடைக் கம்ப்யூட்டரிலும் ‘பில் ஃபைனல் கடைசி’ என்று ஒரு ஃபைல் உண்டு. அதில் ஞானம் இருப்பதாக அவளுக்கு இதுவரை தோன்றியதில்லை. ஆனால் சாருக்குத் தோன்றுகிறதே, நமக்குத்தான் அறிவு பத்தவில்லையோ என்று நினைத்துக்கொண்டாள்.

கட்டுரைகள் சேர்ந்து புத்தகமாயின. ‘தொகுப்புக்கு முன்: கரண்ட் கம்பத்தின் தொலைந்துபோன ஆல்பங்கள்’. ஆசிரியர் சீனுவாசன். உள்ளே, ‘ஆய்வுத்துணை: முஹ்சினா’. அச்சாகி வந்த கட்டுகள் வகுப்பறை மூலையில் அடுக்கப்பட்டுவிட்டன. ஞாயிற்றுக்கிழமைக்கு மறு ஞாயிறு விழுப்புரத்தில் வெளியீட்டு விழா. அதில் கரண்ட் கம்பம் குழுவே மேடையேறி வாசிக்கப் போகிறது. அந்தப் புத்தகத்தோடு அவள் பெயரைச் சேர்த்து, பாண்டிச்சேரியில் ஒரு மாதப் பத்திரிகைக்கு உதவி ஆசிரியர் வேலைக்குச் சீனுவாசன் மெயில் போடுவதாக ஏற்பாடு. கண்ணாடிக் கடையிலிருந்து அவள் வெளியே வருவதற்கு இதுவரை திறந்த ஒரே கதவு அதுதான்.

“சனிக்கெழம விழுப்புரம் போய் ராஜாமணியப் பாத்து, பேனருக்கு ஒரு போட்டோ வாங்கிக்கினு வந்துடும்மா” என்றார் சீனுவாசன். மூன்று ஆல்பங்களின் சரித்திரத்தை எழுதிய அவர் ராஜாமணியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்த்தால் ஆய்வில் பாரபட்சம் வந்துவிடுமாம்.

கரண்ட் கம்பம் பயிற்சி செய்வது விழுப்புரத்தில் ஒரு ஷாமியானா குடோனில். குடோனும் டிரம்ஸும் மண்ணாங்கட்டிக்குச் சொந்தம். முதல் இரண்டு பிள்ளைகள் தங்காமல் மூன்றாவதாகப் பிறந்ததால், கண் பட்டுவிடக் கூடாதென்று வைத்த பெயர். வைத்தபடியே நன்றாகத் தங்கி, இப்போது கதவு அகலத்துக்கு இருந்தான். சுருட்டிய கம்பளங்கள் ஒரு பக்கம், அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒரு பக்கம், நடுவில் குழு. கீபோர்டில் ராஜாமணி, மொபைல் கடை வைத்திருக்கிறார். பேஸ் கிட்டாரில் வெங்கடாசலம். லீட் கிட்டாரில் மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கும் ரோஜா. குழுவின் பெயர் அவள் வைத்ததுதான்.

முஹ்சினா பெயரைச் சொன்னதும் மண்ணாங்கட்டி எழுந்து ஒரு நாற்காலியை உருவிப் போட்டான். “வாங்க, வாங்க. எங்க பழைய ஆல்பத்தல்லாம் கண்டுபுடிச்ச ஆளு நீங்கதானா? உக்காருங்க.”

அவள் உட்கார்ந்து, குறித்து வைத்திருந்த முதல் கேள்வியைக் கேட்டாள். “உங்க ஆல்பத்துல பாட்டே இல்லியே, அது ஏன்? சார் அத மௌன விரதம்னு எழுதியிருக்காரு.”

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெங்கடாசலம் பேஸைக் கீழே வைத்தார்.

“விரதம்லாம் ஒண்ணுமில்லங்க. பாடறதுக்குத்தான் நான் குழுவுல சேந்தேன். கல்யாண ரிசப்ஷன்லதான வாசிக்கறோம், மைக்கு எங்க கைக்கு வந்தாத்தான பாடறதுக்கு? கட்சில மாவட்டச் செயலாளரு வந்து வாழ்த்திப் பேசுவாரு. அவரு எறங்கினா ஒன்றியம் ஏறுவாரு. ஒன்றியம் முடிச்சா கிளை. கிளை முடிக்கறதுக்குள்ள பந்தில பாயசம் தீந்துபூடும்.”

“பின்னாடி நாங்க மெதுவா வாசிச்சிக்கினே இருப்போம்” என்றான் மண்ணாங்கட்டி. “அவுங்க மூச்சு வாங்கற கேப்புல நான் கொஞ்சம் ஓங்கி அடிப்பேன். அப்டியே அது ஒரு ஸ்டைலாயிடுச்சி.”

முஹ்சினா இதை எழுதிக்கொண்டாள். மூன்றாவது கட்டுரை போயிற்று. ராஜாமணி பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, நீங்க இத எந்தெந்த ஆல்பத்துலர்ந்து தொகுத்தீங்க?”

“நான் எங்கம்மா தொகுத்தேன்?”

“அட்டையில போட்டிருக்கே. தொகுப்பு, ராஜாமணின்னு.”

“ஆமா. தொகுப்பு நான்தான். எடிட்டிங்.” ராஜாமணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கினார். “சினிமாவுல பேரு போடச்சொல்ல வருமே, படத்தொகுப்புன்னு. அத மாதிரி போடலாம்னு பாத்தேன். ஆனா இதுல படம் இல்லியே? அதனால ‘படத்’த எடுத்துட்டேன்.”

மேலே தகரக் கூரையில் ஒரு காக்கை நடக்கும் சத்தம் கேட்டது.

“நடுவுல ரெண்டு புள்ளி வச்சிருக்கலாம்ல?” என்றாள் முஹ்சினா.

“வச்சேன். பாக்க நல்லா இல்ல, பொட்டு மாதிரி இருக்குதுன்னு பிரிண்டுக்காரர் எடுத்துட்டாரு.”

“அப்போ இதுக்கு முன்னாடி ஆல்பம்…”

“இதான் மொத ஆல்பம். இது வந்தே மூணு மாசம்தான் ஆவுது.”

முஹ்சினாவின் முதல் எண்ணம், தான் சரியாகக் கேட்கவில்லை என்பது. இரண்டாவது எண்ணம், ராஜாமணி தவறாகச் சொல்கிறார் என்பது. தன் ஆல்பத்தைப் பற்றி ஒருவர் தவறாகச் சொல்ல முடியுமா என்று அடுத்ததாக யோசித்தாள். மூன்றையும் வரிசையாகத் தள்ளிவிட்டுப் பார்த்தபோது மிஞ்சியது, சித்திரையில் தான் எழுதிய அந்த ஒரு வாக்கியம்தான்.

“தப்பு என்னோடதுதான். சார்கிட்ட சொல்லி மாத்திடறேன்” என்றாள்.

அவள் எதிர்பாராதபடி, பதறியது மண்ணாங்கட்டிதான். “ஐயய, மாத்திடாதீங்க. மூணு ஆல்பம் போட்ட குழுன்னு பாண்டிலர்ந்து ரெண்டு பார்ட்டி கூப்ட்டுக்கீறாங்க. போன வாரம் ஒருத்தர் வந்து, ‘புதுசல்லாம் வேணாம், அந்த நனைஞ்சு போன ஆல்பத்துலர்ந்து ஒண்ணு வாசிங்க’ன்னு நின்னாரு.”

“வாசிச்சீங்களா?”

“வாசிச்சோம். ‘புதுசு 4’யே கொஞ்சம் தப்பா வாசிச்சோம். அழுதுட்டாரு மனுசன்.”

ராஜாமணி அதற்கும் மேலே போயிருந்தார். பழைய ஆல்பம் இல்லையென்றால் போட்டுவிட்டால் போயிற்று என்பது அவர் கட்சி. முதல் ஆல்பம் பாதி முடிந்துவிட்டது. மொபைலில் போட்டுக் காட்டினார். இசைக்குப் பின்னால் டேப் ஓடுகிற கரகரப்பு, அதற்கும் பின்னால் மழை. “மழைக்குத் தனி ஆப் இருக்குது” என்றார்.

“சவுண்ட நிறுத்துண்ணே” என்றாள் ரோஜா. அதுவரை அவள் வாயைத் திறக்கவில்லை. கிட்டாரை உறைக்குள் வைத்துப் பட்டையை இழுத்து மூடினாள்.

“இதுல இருக்கற பத்து மெட்டும் யாரு போட்டது? சொல்லுங்க அவளாண்ட.”

“நீதான்” என்றார் ராஜாமணி.

“ஆபீஸ் முடிச்சி வூட்டுக்கு வந்து, சோறு வடிச்சி வச்சிட்டு, புள்ளைய தூங்க வச்சிட்டு ஒக்காந்து போட்டது. இப்ப ஆபீஸ்ல கேக்கறாங்க, ‘அது எவனோ வெள்ளக்காரன் போட்டதாமே, நீ பாத்து வாசிக்கறியாமே’ன்னு. எங்க வூட்டுக்காரரு நேத்து கேக்கறாரு, ‘யாரு அந்த ஆளு, வானூர்ல எங்க இருந்தான், நீ எப்ப பாத்த?’ன்னு. இல்லாத ஆளுக்கு நான் எங்கன்னு அட்ரஸ் குடுக்கறது? பேஜாராக்கீதும்மா.”

முஹ்சினா நோட்டை மூடினாள். “அக்கா” என்றாள்.

“நீ நல்ல பொண்ணாதான் தெரியுற. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். புக்குல அப்டியே இருந்தா நான் மேடைக்கு வர மாட்டேன். அந்த பிரெஞ்சுக்காரன கூப்ட்டு வாசிக்கச் சொல்லு.”

திரும்பி வரும் பஸ்ஸில் முஹ்சினா புத்தகத்தைப் பிரித்தாள். பிரெஞ்சுக்காரர் பக்கத்துக்குப் பக்கம் வந்தார். ஓர் இடத்தில் அவர் பனமலை ஏரிக்கரையில் நின்று சூரியன் மறைவதைப் பார்த்தார். இன்னோர் இடத்தில் வேர்க்கடலை, அதாவது உள்ளூர் மல்லாட்டை, தின்றார். எழுதும்போது இதெல்லாம் அழகாகத்தான் இருந்தது. மல்லாட்டை என்ற சொல்லை எடுத்துக் கொடுத்ததே அவள்தான். ரோஜா என்ற பெயர் புத்தகத்தில் ஒரே ஒரு இடத்தில் வந்தது: ‘தற்போது மேடைகளில் வாசிக்கும் பெண்மணி (ரோஜா).’ அதிலும் பெயர் அடைப்புக்குறிக்குள்.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே போய்ச் சீனுவாசனிடம் நடந்ததைச் சொன்னாள். வரிசையாக, எதையும் விடாமல் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“மறுக்கறாங்க” என்றார் கடைசியில்.

“மறுக்கல சார். இல்லன்றாங்க.”

“அதத்தான் நானும் சொல்றேன். மறுக்கணும்னா மறைக்க ஒண்ணு இருக்கணும். ஒரு கலைஞனப் பத்தி அந்தக் கலைஞனயே போய்க் கேக்கறது ஆராய்ச்சி ஆகாதும்மா.”

“சார், படத்தொகுப்புல படத்த எடுத்துட்டாரு. அவ்ளோதான் விசயம்.”

“சரி, தொகுப்பு ஆல்பம்னு மொதல்ல எழுதினது யாரு?”

“நான்தான்.”

“அப்ப தப்பா எழுதினவ நீ. இப்ப வந்து சரின்னு ஒண்ணு சொல்ற. இதையும் நீ தப்பா சொல்லலன்னு என்ன நிச்சயம்?”

வேறு நாளாயிருந்தால் இந்தக் கேள்வியிலேயே முஹ்சினா சுருண்டிருப்பாள். அவள் தினமும் ராத்திரி தன்னையே கேட்டுக்கொள்கிற கேள்விதான் அது. ஆனால் சனிக்கிழமையிலிருந்து, பட்டையை இழுத்து மூடிய அந்தக் கை கண்ணுக்குள் நின்றுகொண்டிருந்தது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“புக்கு அச்சாயிடுச்சி சார், ஒண்ணும் பண்ண முடியாது. அதனால பிழைதிருத்தம் மட்டும் ஒரு சீட்டு போட்டு ஒட்டிடலாம். நான் எழுதிக்கினு வந்திருக்கேன்.”

கடையில், கண் பரிசோதனைக்கு ஆள் வராத நேரங்களில் எழுதியது. முதலில் பக்கவாரியாகத் தொடங்கினாள். பட்டியல் கட்டுரையைவிட நீளமாகப் போயிற்று. அடித்துவிட்டு, சுருக்கினாள். சுருக்கியது இது:

‘பிழைதிருத்தம். இந்நூலில் எல்லாப் பக்கங்களிலும் “தொகுப்பு” என்று வருமிடங்களில் “எடிட்டிங்” என்றும், “பிரெஞ்சுக்காரர்” என்று வருமிடங்களில் “ரோஜா” என்றும் திருத்திப் படிக்கவும். முதல் பிழை முஹ்சினாவால் நேர்ந்தது.’

சீனுவாசன் படித்தார். சீட்டில் சொன்னபடியே திருத்தி ஒரு பக்கத்தையும் படித்துப் பார்த்தார்: ரோஜா பனமலை ஏரிக்கரையில் நின்று மல்லாட்டை தின்றாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து முஹ்சினா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இத ஒட்டினா புக்குல என்னம்மா மிச்சம் இருக்கும்?”

“ஒட்டலன்னா ரோஜா அக்கா வர மாட்டாங்க சார். அவங்க இல்லன்னா வாசிக்க மெட்டே இல்லன்னு ராஜாமணி அண்ணனே சொல்லிட்டாரு. அழைப்பிதழ்ல கச்சேரின்னு போட்டாச்சு.”

சீனுவாசன் எழுந்து ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார். கீழே பாத்திரக்கடையில் யாரோ குடத்தைத் தட்டி ஓசை பார்த்தார்கள். அந்தச் சத்தத்திலேயே அவருக்கு ஏதோ விளங்கிவிட்டது போலிருந்தது.

“ஒட்டு” என்றார். “ஒட்டிட்டு, அட்டையில ‘திருத்திய பதிப்பு’ன்னு ஒரு ஸ்டிக்கரும் போட்டுடலாம்.”

“மொதப் பதிப்பே வெளிய வரலியே சார்?”

“தேடட்டும்.”

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். நிம்மதியான மனிதராகத் தெரிந்தார். பிறகு நினைவு வந்தாற்போல, “ஆனா அந்தக் கடைசி வரிய எடுத்துடு. உன் பேர பிழையில போட்டுட்டு, அந்தப் பேருக்கே வேல குடுங்கன்னு பாண்டிக்கு நான் எப்படி மெயில் போடறது?”

முஹ்சினா தாளைத் திருப்பித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த வரியை எடுத்துவிட்டால், பிழை யாருடையதென்று படிக்கிறவர்கள் தாங்களே ஊகிப்பார்கள். குழுவே மாற்றி மாற்றிப் பேசுகிறது என்று ஒருத்தர் எழுதுவார். வெள்ளைக்காரரை மறைக்க ரோஜாவே ஒட்டவைத்த சீட்டு என்று இன்னொருத்தர் எழுதுவார். அந்த இன்னொருத்தர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வரி இருந்தால்தான் ரோஜாவின் பெயர் நிற்கும்.

“அப்போ வேணாம் சார்.”

“எது வேணாம்? வரியா, வேலையா?”

பாண்டிச்சேரிப் பத்திரிகை ஆபீஸ் வாசலில் ஒரு புங்கமரம் இருந்தது. யாருக்கும் சொல்லாமல் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

“வேலை” என்றாள்.

வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ரோஜாவுக்குப் போன் செய்து சீட்டைப் படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

“அந்தாளு எங்கெங்கலாம் வர்றானோ அங்கல்லாம் எம்பேரா?”

“ஆமாக்கா. ஆனா சில எடத்துல கொஞ்சம் ஒரு மாதிரியா வரும். ஒரு எடத்துல நீங்க பாரிஸுக்குக் கடுதாசி எழுதறீங்க.”

ரோஜா சிரித்தாள். “எழுதினா எழுதிட்டுப் போறேன். எங்க வூட்டுக்காரராண்ட அந்த ஆளே நான்தான்னு காட்டிடலாம்ல, அது போதும். சரி, உனக்கு அதனால ஒண்ணும் கஷ்டம் இல்லியே?”

“இல்லக்கா” என்றாள் முஹ்சினா.

பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் வைத்து அன்றைய பக்கத்தை எழுதினாள். குலுக்கலில் எழுத்து கோணியது.

ஜூன் 16, திங்கள். ரோஜா அக்காவிடம் கஷ்டம் இல்லை என்று சொன்னது சரியல்ல. சீட்டு அச்சகத்திலிருந்து நாளை மதியம் வரும். வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்க் கட்டுகளைப் பிரித்து, எல்லாப் பிரதிகளிலும் முதல் பக்கத்தில் ஒட்ட வேண்டும். ஜெயம் உதவிக்கு வருகிறாள். பசை வாங்க வேண்டும்.